காறையெலும்பில் வைத்த துவக்கு

1

எங்கள் சாப்பாட்டு மேசையில் இன்று ஒரு துவக்கு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டு இரும்பு, மற்றது மரம். முறிந்த இடத்தில் மரம் தும்பு தும்பாகப் பிய்ந்து நிற்கிறது. அந்தத் தும்பில் மான்மயிர் ஒட்டியிருக்கிறது. என் மனிசன் சிவம், யன்னல் செய்கிற தொழிற்சாலையில் இத்தனை வருடமும் மரத்தோடு மாரடிக்கிறவர், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைக் குனிந்து பார்க்கிறார்.

“ஒட்டலாமப்பா,” என்கிறார். “நல்ல பசையாப் போட்டு, உள்ளுக்கு ஒரு இரும்புக்கம்பி குடுத்தா முந்தியதிலும் பாக்கப் பலமா நிக்கும்.”

“கையை எடுங்கோ,” என்றேன்.

உடனே எடுத்துவிட்டார். என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், டென்மார்க்கிலிருந்து ஒருத்தி எழுதினால் பனியையும் குளிரையும் தனிமையையும் பற்றித்தான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் எழுதி எனக்கே அலுத்துப் போயிற்று. இன்றைக்கு எழுதப்போவது அடியும் வெடியும் இரத்தமும்தான். மனம் ஏலாதவர்கள் இதோடு மடித்து வைத்துவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

என் மகள் அபிக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. ஹேர்னிங்கில் இருக்கிறாள், இங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. போன ஆவணியில் எங்கள் குசினி வாசலில் நின்று, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, டேனிஷில் தெளிவாகச் சொன்னாள்: “பிள்ளை பிறக்கும்போது அந்தத் துவக்கு இந்த வீட்டில் இருந்தால் நான் பிள்ளையோடு இங்கே வரமாட்டேன். வேறு துவக்கு வாங்குங்கள், வேட்டைக்குப் போங்கள், எனக்கொன்றும் இல்லை. அது மட்டும் வேண்டாம்.”

நான் தமிழில் சொன்னேன், “வராட்டி விடு.” சொல்லிவிட்டு, அவளுடைய கார் போன பிறகு குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆனாலும் துவக்கை விடவில்லை.

2

நான் ஸ்கீவ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். தூக்குகிறது, துடைக்கிறது, சாப்பாடு தீத்துகிறது, பேச்சு வாங்குகிறது. என்னோடு வேலை செய்கிற கிர்ஸ்டன் ஒரு நாள் மான் இறைச்சி கொண்டுவந்து தந்தாள். இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம், எங்கள் கறித்தூள் எல்லாம் போட்டுப் பிரட்டலாக வைத்து அவளையும் அவள் கணவன் ஹென்னிங்கையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். ஹென்னிங் பண்ணைக்காரன், ஒரு வேட்டைக் குழுவுக்குத் தலைவன். மூக்கால் கண்ணால் தண்ணி ஓடஓடச் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, “இப்படிச் சமைக்கிறவள் சுடவும் வரவேண்டும்,” என்றான். அவன் பகிடிக்குச் சொன்னான். நான் பகிடியாக எடுக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் நான் மச்சம் மாமிசம் தொடமாட்டேன். நல்ல காலம், ஹென்னிங்கின் குழு சனிக்கிழமைதான் போகும். புரட்டாசிச் சனி மட்டும் நான் வீட்டில் நின்று எள்ளெண்ணெய் எரிப்பேன், அவர்கள் காட்டில் நின்று மான் சுடுவார்கள். “உன் கடவுள் எங்கள் வேட்டைக் கலண்டரைப் பார்க்கவே இல்லை,” என்று கிர்ஸ்டன் சிரிப்பாள். “சனீஸ்வரனோடு சேட்டை விடாதே,” என்பேன்.

வேட்டை அனுமதி அட்டை கிடைத்ததும் துவக்கு வாங்கச் சிவத்தோடு பழைய துவக்குக் கடைக்குப் போனேன். பளபளவென்று தொலைநோக்கி பூட்டிய புதுத் துவக்குகள் வரிசையாக நின்றன. மூலையில், குடைகளை வைக்கிற மாதிரி ஒரு தட்டில், அது சாய்ந்து நின்றது. ஆங்கிலேயர் காலத்து 303. யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர் எவருக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குழலின் நுனிவரை ஓடுகிற மரம், சப்பை மூக்கு, அடியில் பித்தளைத் தகடு அடித்த தடித்த பிடி. கண்டவுடனே தோளடியில் என் வலது காறையெலும்பு நொந்தது. எழுத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நொந்தது. கையை வைத்து அமத்திப் பிடித்தேன்.

கடைக்காரன் நேர்மையான மனிதன். விற்க விருப்பமில்லாதவன் போலக் குறையெல்லாம் சொன்னான். பாரம் கூட. உதை பொல்லாதது. தொலைநோக்கி பூட்ட வழியில்லை, வெறுங்கண்ணால் குறி பார்க்க வேண்டும். மழை நனைந்தால் மரம் ஊதிக் குழலைத் தள்ளும், குறி மாறும். தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கிறது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்காவிட்டால் இரண்டும் கொழுவிக்கொண்டு இறுகிவிடும். “பாவித்த இராணுவச் சாமான் இது. மான் வேட்டைக்கு இதைவிட நல்லது என்னிடம் நிறைய உண்டு,” என்றான்.

“இதுதான் வேணும்,” என்றேன்.

“உமக்கென்ன விசரோ?” என்றார் சிவம். தமிழில் சொன்னபடியால் கடைக்காரன் அதை ஏதோ சம்மதம் என்று நினைத்துத் தலையாட்டினான்.

பிறகு இங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று சட்டம் வந்தது. செம்புக் குண்டுதான். அந்தக் கிழட்டுக் குழலுக்குச் செம்பு ஒத்துவரவில்லை, ஒரு குண்டு கிழக்கே போகும், மற்றது மேற்கே போகும். “ஐம்பது மீற்றருக்கு மேல் சுடாதே,” என்றான் ஹென்னிங். “அதற்குள்ளேயும் யோசித்துச் சுடு. ஏன் வசந்தி இந்தப் பிடிவாதம்?” நான் சிரித்துச் சமாளித்தேன்.

3

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரியண்ணை ரவி பின்னேரம் சைக்கிளில் சந்திக்குப் போனவர். ரோந்து வந்த பொலிசார் நிற்கச் சொல்லிக் கத்தினார்களாம். சைக்கிளுக்குப் பிரேக் இல்லை, காலைத் தேய்த்துத்தான் நிறுத்துவார். நிற்க முதல் சுட்டுவிட்டார்கள். அடிவயிற்றில் பட்டது. நடுரோட்டில், எங்கள் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் விழுந்தார்.

பொலிசார் ரோட்டின் இரண்டு பக்கத்தையும் மறித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை. சனம் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தது. அண்ணை முழங்கையை ஊன்றி அரக்கி அரக்கி எங்கள் பக்கம் வரப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. “தண்ணி, தண்ணி” என்று கத்தினார். அம்மாவை நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். என்னை ஒருவரும் பிடிக்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடினேன்.

அந்தப் பொலிஸ்காரனின் முகம் எனக்கு நினைவில் இல்லை. 303 மேலே போனதும் பித்தளைத் தகடு வெயிலில் மினுங்கியதும் நினைவிருக்கிறது. பிடியால் ஓங்கி இறக்கினான். காறையெலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. விழுந்த இடத்திலேயே கிடந்தேன். அவன் சப்பாத்துக் காலை என் முதுகில் வைத்துக்கொண்டு நின்றான். அங்கே கிடந்தபடி அண்ணையின் குரல் குறைந்துகொண்டு போனதைக் கேட்டேன்.

எலும்பு கோணலாகப் பொருந்தியது, இன்றைக்கும் தடவினால் முடிச்சுத் தெரியும். சொந்தக்காரருக்கும் பிறகு என் மனிசனுக்கும் பிள்ளைக்கும் ஒரே கதைதான் சொன்னோம்: ரவி உடனே முடிந்துவிட்டான், நோ தெரியவில்லை. நேரில் பார்த்தவர்களே அப்படிச் சொன்னார்கள். வேறு என்னத்தைச் சொல்லுகிறது?

அந்தத் துவக்கின் முன்பக்கமும் அடிப்பக்கமும் எனக்குத் தெரியும். பிடித்திருக்கிறவனின் பக்கம் மட்டும்தான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்கினேன். சுடும்போதெல்லாம் அது அதே எலும்பில் உதைக்கும், நீலம் பாரிக்கும். சிவம் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டு திட்டுவார். எனக்கு அந்த நோவு வேண்டியிருந்தது. உதையடா, உதை, ஆனால் இப்ப நான்தான் உன்னைப் பிடிச்சிருக்கிறன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

4

இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது விசாரித்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “எப்போதாவது ஆயுதம் கையில் எடுத்தீரா?” இல்லை என்றேன். திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லவே இல்லை என்று அழுதேன். எடுக்காதபடியால் இருக்க விட்டார்கள்.

வேட்டை அட்டைக்குப் போனபோது அதே அரசாங்கம் எனக்கு வகுப்பு வைத்து, பரீட்சை வைத்து, துவக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியுமா என்று பார்த்து, தெரியும் என்று அட்டை தந்தது. பொலிசில் அனுமதிக்கு நின்றபோது அந்தப் பொம்பிளைப் பிள்ளை, அபியின் வயதுதான் இருக்கும், “இராணுவப் பயிற்சி ஏதும் உண்டா?” என்று பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. முன்னுக்கு நிற்பது பொலிஸ் என்றால் இந்த வயதிலும் என் உடம்பு கேட்காது.

“இல்லை. அடிதான் வாங்கியிருக்கிறேன்,” என்றேன். என் டேனிஷ் சரியில்லை என்று நினைத்து அவள் அன்பாகச் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

அபிக்கு இந்தக் கதைகள் அரைகுறையாகத் தெரியும். நான் தமிழில் சொல்லுவேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். ஒருவர் சொன்னதில் பாதி மற்றவருக்குப் போகாது. “மாமாவைச் சுட்ட மாதிரித் துவக்கை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள்? அது நோய்,” என்றாள் ஒருமுறை. நோய் என்ற அந்தச் சொல்லை மட்டும் நான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

5

நேற்றுச் சனிக்கிழமை. காலையில் ஹென்னிங்கின் பண்ணை முற்றத்தில் கோப்பியும் ஒரு கசப்புச் சாராயமும் குடித்துவிட்டு வரிசையில் நின்றோம். வேட்டைக்குப் புறப்படுகிறவரை இங்கே “உடையட்டும், முறியட்டும்” என்று வாழ்த்துவார்கள். முதன்முதல் கேட்டபோது நான் திகைத்துப் போனேன். சிவம் இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது “அந்த வாழ்த்தை எனக்குச் சொல்லிப் போடாதையும்,” என்பார்.

ஹென்னிங் வழக்கம்போலச் சட்டத்தைச் சொன்னான். ஆளுக்கொரு நிலை. கொம்பு ஊதும்வரை நிலையை விட்டு ஒரு அடி அரக்கக் கூடாது. மான் காயப்பட்டு ஓடினாலும் விழுந்தாலும் நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், பிறகு நாய்க்காரன் வந்து பார்ப்பான். நிலையை விட்டு வெளியே வந்தால் மற்றவனின் குண்டுக்கு முன்னால் நிற்கிறாய், விளங்குகிறதா? எல்லோரும் விளங்குகிறது என்றோம். நானும் சொன்னேன்.

பைன் காட்டு ஓரத்தில் என் நிலை. முன்னால் பற்றைத்தரை, மழைத்தூறல். கை விறைத்தபடியால் கையுறையோடேயே தோட்டாக்களைத் திணித்தேன். மறுபக்கத்திலிருந்து மான்களை விரட்டுகிறவர்களின் சத்தமும் நாயின் குரைப்பும் கிட்டக் கிட்ட வந்தன. ஒரு பெண்மான் காட்டை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, எனக்கு நேர் எதிரே நின்றது. ஐம்பது மீற்றர் இராது. தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன். சுட்டேன். எலும்பில் உதை விழுந்தது.

மான் விழுந்தது. விழுந்து, எழும்பியது. பாதிதான் எழும்பியது. குண்டு பின்னுக்குப் போய் இடுப்பை உடைத்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, அரக்கி அரக்கி, என் பக்கமாக வந்தது. குடல் சரிந்து பற்றையில் கொழுவி இழுபட்டது. வாயைத் திறந்து கத்தியது. மான் கத்தாது என்று யார் சொன்னது? கடவுளே, அந்தக் கத்தல்.

அடுத்த தோட்டாவை ஏற்றத் துவக்கின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினேன். வரவில்லை. தோட்டாக்கள் விளிம்பு விளிம்போடு கொழுவி இறுகிப் போயிற்று. அடித்தேன், உதைத்தேன், கையுறை கிழிந்தது. அது கத்திக்கொண்டே வந்தது.

நான் நிலையை விட்டு ஓடினேன்.

யோசித்து ஓடவில்லை. எந்தச் சட்டமும் நினைவுக்கு வரவில்லை. காயப்பட்டது ஒன்று கிடந்து கத்துகிறது, ஒருவரும் போகக் கூடாது என்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தூரத்தில் ஹென்னிங் “நில்! நில்!” என்று குளறினான். வலது பக்கம் எங்கேயோ ஒரு வெடி கேட்டது. ஓடினேன்.

கிட்டப் போனதும் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூக்கில் இரத்த நுரை. கத்தி இடுப்பில் இருந்தது, அதுகூட நினைவுக்கு வரவில்லை. கையில் இருந்தது துவக்குத்தான். குழலைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, பிடியை மேலே ஓங்கினேன். அந்தப் பாரம் மேலே போகும்போது கைக்குத் தன்பாட்டில் வசதியாக இருந்தது. இறக்கினேன். நெற்றியில் படவில்லை, தாடையில் பட்டது. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. கத்தல் நின்று கொரகொர என்று இழுத்தது. திருப்பி ஓங்கி இறக்கினேன். திருப்பியும். மூன்றாந்தரம் மரம் முறிந்து பிடி பறந்து போனது. மான் இன்னும் சாகவில்லை. முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு என் சப்பாத்தை மணந்து பார்த்தது.

ஹென்னிங் ஓடிவந்து என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி விழுத்திவிட்டு, தன் துவக்கால் ஒரே வெடி வைத்தான். அது அடங்கியது.

6

வேட்டை முடிந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்த மான்களை முற்றத்தில் பைன் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்துவார்கள். எல்லோரும் தொப்பி கழற்றி நிற்க, கொம்பு ஊதுவார்கள். பிறகு தலைவன் ஒரு சிறு கிளையைக் காயத்தில் தொட்டுச் சுட்டவரிடம் கொடுத்துக் கைலாகு தருவான். செத்ததுக்கு ஒரு மரியாதை. எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும், எங்கள் ரோட்டில் அன்றைக்கு அதுகூட நடக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

நேற்று என் மானின் முகத்தைக் கிளையால் மூடித்தான் கிடத்தினார்கள். ஹென்னிங் என்னைத் தாண்டிப் போய் அடுத்தவனுக்குக் கிளை கொடுத்தான்.

பிறகு களஞ்சியத்துக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான். கோப்பி ஊற்றப் போனான், பாதி நிலத்தில் ஊற்றுப்பட்டது.

“நான் இன்னொரு மானைத் தொடர்ந்து குறி வைத்துக்கொண்டு வந்தேன்,” என்றான். “விரல் விசையில். தொலைநோக்கிக்குள் திடீரென்று உன் செம்மஞ்சள் தொப்பி வந்தது. வசந்தி, நான் உன்னைக் கொன்றிருப்பேன். கிர்ஸ்டனுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?” அவன் கண்ணில் தண்ணி நின்றது. “ஏன் போனாய்?”

“அது கத்திச்சுது,” என்றேன்.

“எல்லாருக்கும்தான் கேட்டது. எல்லாரும் நின்றார்கள்.”

“அதுதான்,” என்றேன்.

இனிக் குழுவில் எனக்கு இடமில்லை என்றான். சரி என்றேன். அவன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. கிர்ஸ்டன்தான் முறிந்த துண்டு இரண்டையும் பொறுக்கி, ஒரு துவாயில் சுற்றி, என் கார் டிக்கிக்குள் வைத்தாள்.

7

இதுவரை காலையில் எழுதியது. பின்னேரம் அபி வந்துவிட்டாள். சிவம் எனக்குத் தெரியாமல் அவளுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். வயிறு முன்னுக்கு வர, மூச்சு வாங்கிக்கொண்டு, சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்தாள். சண்டை பிடிக்கத்தான் வருகிறாள் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

மேசையைக் கண்டதும் நின்றுவிட்டாள். கதிரையை இழுத்து இருந்தாள். முறிந்த தும்பில் ஒட்டியிருந்த மயிரை ஒரு விரலால் தொட்டாள்.

“அம்மா,” என்றாள். “மான் உடனே செத்ததா?”

தமிழில் கேட்டாள். எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

“இல்லைப் பிள்ளை.”

விரலில் ஒட்டிய மயிரை மேசை விளிம்பில் துடைத்தாள். பிறகு, “ரவி மாமா?”

சிவம் என்னைப் பார்த்தார். அவருக்கும் நாங்கள் சொன்னது அந்த ஒரே கதைதான்.

“அவரும் இல்லை,” என்றேன். “கனநேரம் கிடந்தவர். தண்ணி கேட்டவர். அரக்கி அரக்கி வந்தவர்.”

“நீங்க போனீங்களா?”

“ஓடினனான். போக விடேல்லை.” என் கை தன்பாட்டில் காறையெலும்புக்குப் போயிற்று. “நேற்றுப் போனனான்.”

“போய்?”

இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கக் கூடாது என்றுதான் நேற்றிலிருந்து நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

“அடிச்சனான்,” என்றேன். “தண்ணி குடுக்கேல்லை, தலையைப் பிடிக்கேல்லை. அவன் எனக்கு அடிச்ச அதே பக்கத்தாலை, அவனை மாதிரியே ஓங்கி அடிச்சனான். கைக்கு நல்லா இருந்தது பிள்ளை.”

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்ப் பூட்டிக்கொள்ள முடியவில்லை, அங்கேயே இருந்து அழுதேன். சிவம் பசைப் போத்தலை மூடி இறாக்கையில் வைத்தார். அபி என் சட்டைக் கழுத்தை விலக்கி, அந்த முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சின்ன வயதில் விளையாட்டாகத் தொட்டவள், பெரிய பிள்ளையான பிறகு தொட்டதே இல்லை.

“நாளைக்குப் பொலிசில குடுக்கப் போறன்,” என்றேன். “நீ சொன்னதுக்காக இல்லை.”

“தெரியும்,” என்றாள்.

“கவுண்டரில நிக்கேக்கை எனக்குக் கால் நடுங்கும்.”

“நானும் வாறன்,” என்றாள் அபி.